படகுக்காரியை ஆற்றோடு விட்டவள்

எழுதிப் பழகாத கை. பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன். மேசைமேல் கிடக்கும் பலமுகப் பகடைகளில் நண்பகல் வெயில் சிதறுகிறது. அவற்றை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டைப் பெயரோடும் மாந்தரோடும், அதை வெளியிடும் நிறுவனம் வேறு யாருக்கோ விற்கப்போகிறதாம் என்று மூன்று நாளாகப் பேச்சு. அதன் கதையை எழுதுபவள் அந்தப் பேச்சை நம்பிவிட்டாள். அதில் வரும் படகுக்காரியை, மறைந்த அத்தையின் வாய்த்துடுக்கை வைத்தே அவள் படைத்திருக்கிறாள். முன்பின் தெரியாதவர் கையில் அத்தை சிக்கக் கூடாதென்று, புதிய பதிப்பில் படகுக்காரியை ஆற்றோடு போகவிட்டு, முந்தாநாளே கீழ்த்தள அச்சகத்துக்கு அனுப்பியிருக்கிறாள். விளையாட்டுக்குப் படம் வரையும் ஓவியர் எட்டிப் பார்க்கிறார். “விக்கலையாம்க்கா. எவனோ கிளப்பிவிட்ட புரளி. நீங்க ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?” “அச்சை நிறுத்தச் சொல்லுப்பா.” “கட்டுக் கட்டி லாரியில ஏத்தியாச்சேக்கா.” கீழே லாரி உறுமுகிறது, பகடைகள் மெல்ல நடுங்குகின்றன. இழந்தவை: ஒரு படகு, ஒரு துடுப்பு, “ஏறித் தொலை, உனக்காக ஆறு நிக்குமா” என்று அதட்டும் ஒரு குரல்.