கத்திக் காரியம் சாதித்த பெல்ட்

பழைய கார் ஒன்றில் ஏ.சி. கம்ப்ரசர் இறுகிப்போய்ச் சுற்றாமல் நின்றுவிட்டது. அதையும் டைனமோவையும் சேர்த்துச் சுற்றிவந்த பெல்ட்டுக்குப் பொறுக்கவில்லை.

“சும்மா உட்கார்ந்திருக்கிற உம்மை நான் ஏன்யா இழுத்துக்கிட்டு ஓடணும்?”

“ஒண்ணா வேலைக்குச் சேர்ந்தோமே தம்பி,” என்றது கம்ப்ரசர்.

“அதுக்கு?” என்ற பெல்ட், ஒவ்வொரு சிக்னலிலும் கிறீச்சென்று கத்தியது. கார்க்காரர் காது வலித்து மெக்கானிக் இருதயராஜிடம் போனார். அவர் கம்ப்ரசரைக் கழற்றிப் காயலான் கடைக்குப் போகிற பழைய சாமான் பெட்டியில் போட்டார்.

“இனி நாம ரெண்டே பேர், நிம்மதி!” என்றது பெல்ட், டைனமோவிடம்.

இருதயராஜ் பெல்ட்டை மறுபடி மாட்டிப் பார்த்தார். தொளதொளவென்று தொங்கியது.

“சார், இது கம்ப்ரசரையும் சேர்த்துச் சுத்துற நீளம். இனிமே உதவாது. சின்னதா ஒண்ணு போட்டுடறேன்.”

பெட்டியில் கம்ப்ரசர் மேலேயே வந்து விழுந்தது பெல்ட்.

“எங்கிட்ட ஒரு குறையும் இல்லையே அண்ணே!”

“உனக்கென்ன குறை, தம்பி? கொஞ்சம் தள்ளி உட்காரு.”