சத்தம் வராத ஆராதனை

மேசைமேல் இருந்த போனைச் சுற்றி பெரியவர், அவர் மனைவி, தம்பி, தம்பி மனைவி என்று நால்வர் உட்கார்ந்திருந்தார்கள். வெளிநாட்டில் ஊழியம் செய்யும் மகன் புதிய சபைக்கு மாறியபின் வந்த முதல் பண்டிகை ஆராதனை. பெரியவர் கேட்டே தீருவேன் என்றதால், மருமகள் தன் போனைப் பீடத்தருகே வைத்திருந்தாள்.

ஒரு மணி நேரமும் நாற்காலி நகரும் சத்தம்தான் வந்தது.

"நாற்காலிக்குத்தான் பிரசங்கம் போல, அண்ணே," என்றார் தம்பி. மனைவியோடு சிரிப்பை அடக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆராதனை முடிந்து மருமகள் பேசினாள்.

"எத்தனை பேரும்மா வந்தாங்க?" என்று கேட்டார் பெரியவர்.

"இருநூறு பேர் மாமா. நிக்க இடமில்ல."

"ஒரு பாட்டுகூடக் கேட்கலையே?"

"ஐயோ, சொல்லவே மறந்துட்டேன். இங்க யாருக்கும் காது கேட்காது மாமா. பாட்டு, பிரசங்கம் எல்லாம் கையாலதான். எங்களுக்கும் அதுவே பழகிப்போச்சு."

அடுத்த ஞாயிறு, ஆலய வாசலில் ஒருவர் மெல்லக் கேட்டார். "உங்க மகன் சபையில ஆளே இல்லையாமே? தம்பி சொன்னார்."

பெரியவர் முதுகை நிமிர்த்தினார்.

"தப்பு. இருநூறு பேர் பாடினாங்க. காது கேட்கிற எங்களுக்குத்தான் அது கேட்கலை."