பைக்குள் பழைய பேப்பர்

"நாளைக்கு வர்றேன்னு மெயில் போட்டுட்டு இன்னைக்கே வந்து நிக்கிறாரே, இது என்ன நியாயம்?" தையல் கூடத்து வாசலில் அக்கா பல்லைக் கடித்தாள்.

"சொல்லாம வந்தாத்தானே குத்தம் கண்டுபிடிக்க முடியும்" என்றான் தம்பி. "கொஞ்சம் சிரிச்ச முகமா இரு. இவர் தலையாட்டினாத்தான் கன்டெய்னர் கிளம்பும்."

அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தும் பள்ளிக்கூடப் பை பட்டறை அது. இத்தனை காலம் உள்ளூர்க் கடைகளுக்குத் தைத்தவர்களுக்கு இப்போதுதான் முதல்முறையாகக் கடல் தாண்டி ஒரு ஆர்டர். வாங்குகிற நாடும் பணக்கார நாடு இல்லை. இவர்களுடையதைப் போலவே தட்டுத்தடுமாறி எழுந்து நிற்கிற நாடுதான். இரண்டு அரசுகளும் பேசி வரியைக் குறைத்ததால் வந்த வாய்ப்பு. துணிக்கும் ஜிப்புக்கும் கையில் இருந்ததையெல்லாம் போட்டாகிவிட்டது. சரக்கு தேறவில்லை என்றால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

வந்தவர் கழுத்தில் வாங்குகிற கம்பெனியின் அட்டை தொங்கியது. ஒல்லியான, நரைத்த மனிதர். போட்ட நாற்காலியில் உட்காரவில்லை. கொடுத்த டீயைக் குடிக்கவில்லை. நேரே அடுக்கி வைத்திருந்த அட்டைப்பெட்டிகளிடம் போய் ஒன்றைப் பிரித்தார். அவருடைய அரை இங்கிலீஷும் தம்பியின் அரை இங்கிலீஷும் சேர்ந்து ஒரு முழு பாஷையாகிப் பேச்சு நடந்தது.

ஒரு பையின் ஜிப்பைத் திறந்தார். உள்ளே கசக்கித் திணித்திருந்த பழைய பேப்பரை உருவினார்.

"இது எதுக்கு?"

"பை கொழுகொழுன்னு நிக்கணும் சார். இல்லைன்னா சப்பையாயிடும். எங்க கடைக்காரங்க இப்படி வெச்சாத்தான் வாங்குவாங்க."

அவர் குடிக்காமல் வைத்திருந்த டீயில் விரலை நனைத்தார். பேப்பரில் அழுத்தித் தேய்த்தார். அதே விரலால் பையின் வெளிர் மஞ்சள் உள்துணியில் ஒரு இழுப்பு. கறுப்பாகக் கோடு விழுந்தது.

அந்தப் பேப்பரில் இருந்தது இரு நாட்டு மந்திரிகளும் கைகுலுக்கும் படம். 'வர்த்தக உறவு வலுப்படும்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு.

"கப்பல்ல ஈரக்காத்து. கரை இறங்கும்போது ரெண்டு மந்திரியும் உங்க துணியிலதான் இருப்பாங்க." அவர் சிரிக்கவில்லை. "பெட்டியெல்லாம் பிரிங்க. அச்சடிக்காத வெள்ளைத் தாள் வைங்க."

"எல்லாப் பெட்டியையுமா சார்?"

"எல்லாத்தையும்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "தையல்ல ஒரு குத்தம் சொல்ல முடியல. அதான் பேப்பரைப் பிடிச்சுத் தொங்குறார்" என்று முணுமுணுத்தாள்.

தம்பி அவளை ஓரமாக இழுத்தான். "ஏதாவது எதிர்பார்க்கிறாரோ என்னவோ."

"என்ன எதிர்பார்க்கிறது?"

"வெறுங்கையோட அனுப்ப வேண்டாமேன்னு பார்த்தேன்."

இருப்பதிலேயே நல்ல பையாக ஒன்றை எடுத்து நீட்டினான். "உங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு, சார்."

அவர் உடனே வாங்கிக்கொண்டார். 'பார்த்தியா' என்பதுபோல் தம்பி அக்காவைப் பார்த்தான்.

வாங்கியவர் பையை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டினார். மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். "இங்க நூல் பிசிறு. வெட்டணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அக்கா, இவர் மனுஷனா பூதக்கண்ணாடியா?" என்றாள் மிஷினில் இருந்த ஒருத்தி. கூடமே சிரித்தது. அவர் நிமிர்ந்து பார்த்ததும் தலைகள் எல்லாம் மிஷினுக்குள் புதைந்தன.

தம்பி அச்சகத்துக்கு ஓடி, வண்டி நிறைய வெள்ளைத் தாள் கொண்டுவந்தான். மிஷின்களை நிறுத்திவிட்டு எல்லாரும் பெட்டிகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பூதக்கண்ணாடியும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, நாங்க பார்த்துக்கறோம் சார்."

"ரெண்டு கை கூட இருந்தா சீக்கிரம் முடியும்."

மூலைக்கு ஒரு உருண்டை, நடுவில் ஒரு மடிப்பு என்று அவர் கை அது பாட்டுக்கு ஓடியது. ஒவ்வொரு பையின் உள்துணியையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஜிப்பை இழுத்தார். அக்காவுக்குக் கோபம் முழுக்க ஆறவில்லை. ஆனாலும் எழுந்து போய் வேறு டீ போட்டு வந்து வைத்தாள். இந்த முறை குடித்தார்.

பொழுது சாயும்போது கடைசிப் பெட்டியும் ஒட்டியாகிவிட்டது. தம்பி ஒப்புதல் தாளையும் பேனாவையும் நீட்டினான்.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இன்னும் என்ன குறை சார்?" என்றாள் அக்கா.

"குறை இல்லை. கையெழுத்துப் போடுற அதிகாரி ஓட்டல்ல தூங்கறார். சொன்னபடி நாளைக்குக் காலையில வருவார். நான் அவருக்குப் பெட்டி பிரிச்சுக் கொடுக்கிறவன்."

தம்பி நீட்டிய பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினான்.

"அப்போ இன்னைக்கு எதுக்கு சார் இவ்வளவு பாடு?"

"நீங்க அனுப்பின மாதிரிப் பையையும் நான்தான் பிரிச்சேன். தையல் அவ்வளவு சுத்தம். உள்ளே பாத்தா பழைய பேப்பர்." பிறகு அவர் சொன்னதை அக்காவுக்குச் சொல்லச் சொல்ல, தம்பியின் குரலும் இறங்கிப்போனது.

"அவருக்கும் ஒரு பை பட்டறை இருந்துச்சாம், அக்கா. பெரிய நாடு ஒண்ணுக்கு அனுப்பின முதல் கன்டெய்னர், மை ஒட்டி அப்படியே திரும்பி வந்துச்சாம். முந்தின நாளே வந்து சொல்ல அவருக்கு யாரும் இல்லையாம்."