இமைத்த பிணம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகள் ஜெனிட்டா அந்த மாயாஜாலப் படத்தை மறுபடி போட்டாள். அதில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் எனக்கும் அவளுக்கும் விளையாட்டு. "அப்பா, ராஜா கிரீடத்துக்குக் கீழ ஹேர்பின் பாத்தீங்களா?" என்றாள். அரக்கனின் மணிக்கட்டில் வாட்ச் கட்டிய தடத்தை நான் காட்டினேன். போர் முடிந்து பிணங்கள் கிடக்கும் காட்சியில், ஓரத்துப் பிணம் ஒன்று இமைத்தது. சிரித்துக்கொண்டே படத்தை நிறுத்தினேன்.

பிணத்தின் இடது காது மடல் இரண்டாகப் பிளந்திருந்தது. தூண்டில் முள் கிழித்த காது. என் அண்ணன் சகாயத்தின் காது. எட்டு வருஷத்துக்கு முன்னால் புயலன்று கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. உடல் இல்லாமலே கல்லறை கட்டினோம். அடுத்த வருஷம் அவன் மனைவி ஜெனோவாவை நான் கட்டிக்கொண்டேன். இந்தப் படம் எடுத்ததே போன வருஷம்தான்.

படத்தை ஓடவிட வேண்டும். ரிமோட்டில் விரல் அழுந்தவில்லை.

"இதை அம்மா எப்பவோ கண்டுபிடிச்சாச்சு," என்றாள் ஜெனிட்டா. "நீங்க வேலைக்குப் போனதும் போட்டு, இங்கதான் நிறுத்துவாங்க. டிவிகிட்ட போய் நிப்பாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதாம்."

அடுக்களையில் மீன் செதில் சுரண்டும் சத்தம் நின்றது.