கீழ்க்குழாய்

கணக்குத் தணிக்கைக்கு வந்த ரெஜினா ஏணியில் ஏறி எண்ணெய்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். விளிம்பு வரை கடலை எண்ணெய் பளபளத்தது. கணக்கிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. இறங்கி வந்து, "கீழ்க்குழாயையும் கொஞ்சம் திறந்து பாத்துரலாமா சார்?" என்றாள்.

மில் முதலாளி அருஞ்சுனை சிரித்தார். "மேல இருக்கதுதானம்மா கீழயும் இருக்கும்?"

"பாக்காம கையெழுத்துப் போட முடியாது சார்."

குழாய் துருப்பிடித்துவிட்டது, திறக்க வராது என்றான் அவருடைய தம்பி மாடக்கண்ணு. அருஞ்சுனைக்கு நெஞ்சுவலி வந்ததிலிருந்து மில் முழுக்க அவன் பொறுப்புதான்.

"அந்தப் பொண்ணு பாத்துட்டுப் போகட்டும்டா" என்று அருஞ்சுனையே குனிந்து திருகினார். குழாய் சுலபமாகத் திறந்துகொண்டது. தண்ணீர் கொட்டியது.

உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்தார். விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். கொஞ்சமும் வழுக்கவில்லை. ரெஜினா எதுவும் எழுதாமல் நின்றாள்.

"அண்ணே, மூடுங்க."

"இருடா, எண்ணெய் வரும்."

தண்ணீர் அவர் வேட்டியை நனைத்துக்கொண்டு வாசல் வரை ஓடியது. அவர் ஏந்திய கையை எடுக்கவில்லை. மாடக்கண்ணு மூடுவதற்குக் குனிந்தபோது அவன் கையைத் தட்டிவிட்டார்.

"வரும்னு சொல்லுதேம்லா."