மலை சுற்றிய பலன்

பத்தாம் வகுப்பில் சந்திரகலா முதல் வகுப்பில் தேறியதும் அப்பா தசரதனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"வாத்தியார், புஸ்தகம் எல்லாம் அப்புறம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுத்தினது யாரு?" என்று தேரடித் தெரு முழுக்கக் கேட்டுவிட்டு, வீட்டிலும் வந்து கேட்டார்.

"நீங்க சுத்தினதாலதாம்பா பாஸ் பண்ணேன். ஆனா பிளஸ் டூவுக்குப் பௌர்ணமி மட்டும் பத்தாது. தெனம் சுத்துங்க."

தசரதன் நெகிழ்ந்துபோய், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அன்றைக்கே கிளம்பினார்.

அம்மா கன்னியம்மாள் முறைத்தாள். "நீ படிச்சு பாஸ் பண்ணிட்டு, சாமி பேர்ல ஏண்டி பொய் சொல்ற?"

"பொய் இல்லம்மா. எப்படிப் படிக்கணும்னு அப்பா பக்கத்துல உக்காந்து புத்தி சொல்லாத ராத்திரியிலதான் நான் படிச்சேன்."