சாயத்தண்ணி

அனுப்பர்பாளையத்தில், பனியன்களுக்குப் படம் அச்சடிக்கும் யூனிட்டில் ஆரோக்கியராஜ் செக்கிங் பார்க்கிறான். இருபது வயதில் அவனும் முனீஸும் ‘சாயத்தண்ணி’ என்றொரு போஸ்ட்-பங்க் ராக் பேண்டு வைத்திருந்தார்கள். முனீஸ் பாடுவான், இவன் டிரம்ஸ். அந்த இருண்ட பாட்டுகளைக் கேட்க ஆளில்லை, யாரும் பதிவு செய்யவுமில்லை. அந்த வருடமே முனீஸ் தற்கொலை செய்துகொண்டான். பாடைக்குத் தோள் கொடுத்தவன் ஆரோக்கியராஜ்.

நேற்றுக் காலை ஜெர்மனிக்குப் போகும் கறுப்பு டி-ஷர்ட் ஒன்று கைக்கு வந்தது. நெஞ்சில் தமிழ் எழுத்திலேயே ‘சாயத்தண்ணி’ என்றிருந்தது. கீழே மைக்கைப் பிடித்தபடி முனீஸ் நின்றான். புருவத்துத் தழும்பு அப்படியே இருந்தது. தலைதான் நரைத்திருந்தது. பின்னால் யாரோ ஒரு வெள்ளைக்காரன் டிரம்ஸ் வாசித்தான்.

ஆரோக்கியராஜுக்குப் பயத்தைவிடச் சந்தோஷம்தான் பொங்கியது. எங்கேயோ இருந்திருக்கிறான். வயதாகும்வரை பாடியிருக்கிறான். ஆர்டரைக் கவனிக்கும் பரணியிடம் ஓடினான்.

“தம்பி, இவுக இப்பவும் பாடுறாகளா?”

“பெரிய பேண்டுங்கண்ணா. இருபத்தஞ்சு வருசமா அங்க கொண்டாடறாங்களாமா. ஆனா பாடறவரு போன மாசம் தற்கொலை பண்ணிக்கிட்டாருங்க. அதுக்குத்தான் இத்தனை ஆர்டரு.”

அச்சு மையை உலர்த்தும் பெல்ட்டில் முனீஸ் சூடாக வந்துகொண்டே இருந்தான். ஆரோக்கியராஜ் ஒவ்வொரு சட்டையாக எடுத்து மடித்தான்.